அரசுக் கோப்பு சொல்லாததை டிரங்குப் பெட்டி சொல்லும்

1938 ஜூலை 25 அன்று ஹிட்லரின் அரசு ஓர் ஆணை போட்டது. செப்டம்பர் 30-உடன் ஜெர்மனியின் யூத மருத்துவர்கள் அனைவரின் உரிமமும் ரத்து. சில நூறு பேர் மட்டும் யூத நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனால் பெயரோடு ‘மருத்துவர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது. அக்டோபரில் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு நிறத்தில் ‘ஜே’ முத்திரை விழுந்தது. துப்பாக்கிக்கு முன்பே காகிதம்தான் அவர்களை வேட்டையாடியது. அதனால்தான், அந்த வேட்டையிலிருந்து தப்பிய ஒரு டாக்டரின் பட்டச் சான்றிதழ், வேலைநீக்கக் கடிதம், விசா விண்ணப்பம் போன்றவற்றைக் குடும்ப நினைவுப்பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது, அவை சாட்சியங்கள்.

லூட்விக் குட்மனை எடுத்துக்கொள்வோம். நரம்பியல் நிபுணரான அவர், 1933-இல் அரசு வேலை பறிபோனதும் பிரெஸ்லாவ் நகரின் யூத மருத்துவமனையில் சேர்ந்தார். 1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் கடைகளும் கோயில்களும் எரிந்தபோது, மருத்துவமனைக்குத் தஞ்சம் தேடி வந்தவர்களை எல்லாம் உள்நோயாளிகளாகச் சேர்க்கச் சொன்னார். மறுநாள் கெஸ்டபோ போலீஸ் விசாரிக்க, அப்படிச் சேர்ந்த 64 பேருக்கும் ஏதேதோ நோய்களைச் சொல்லி 60 பேரைக் கைதிலிருந்து காப்பாற்றினார். 1939 மார்ச்சில் இங்கிலாந்து சேர்ந்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பிழைப்பதே அரிது என்றிருந்த காலத்தில், 1944 முதல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர்களை எழுப்பி உட்காரவைத்தார். 1948-இல் அங்கே 16 பேருடன் அவர் தொடங்கிய போட்டிதான் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது. சேலம் மாரியப்பன் தங்கவேலு பதக்கம் வென்ற மேடை அது. குட்மனின் ஆவணங்கள் இன்று லண்டன் வெல்கம் நூலகத்தில் இருக்கின்றன.

‘அரசு ஆவணம் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேய அரசு ஜெர்மன் குடிமக்களை ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்து அடைத்தது. ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்களும் அதில் சிக்கினார்கள். பலர் விசாரணைக்குப் பிறகே வெளியே வந்தார்கள். பம்பாயில் 1934-இல் தொடங்கிய யூத நிவாரணச் சங்கம் இவர்களுக்காக வாதாடியது. இலங்கையில் பௌத்தத் துறவியாகியிருந்த ஞானபோனிகர் பிறப்பால் ஜெர்மன் யூதர். அவரும் டேராடூன் முகாமில் அடைக்கப்பட்டார். நாஜி கட்சியின் எஸ்.எஸ். படையில் சேர்ந்திருந்த மலையேறி ஹைன்ரிச் ஹாரரும் அதே முகாமில்தான் இருந்தார். கோப்பின் பார்வையில் இருவரும் ஒன்றே. துரத்தியவர் தரப்பில் இருந்தவர் யார், துரத்தப்பட்டவர் யார் என்று பிரித்துச் சொல்ல அவரவர் கடிதமும் பாஸ்போர்ட்டும்தான் வேண்டும்.

தன்னைப் பற்றித் தானே எழுதுபவர் மிகைப்படுத்துவார் என்பது நியாயமான சந்தேகமே. நினைவுக்குறிப்புக்கு அது பொருந்தும். வரி ரசீதும் கப்பல் சீட்டும் யாரையும் மயக்க எழுதப்பட்டவை அல்ல. அவற்றை ஆணைகளின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். டாக்டரின் தாள்களில் வரும் நோயாளிகளின் அந்தரங்கம் என்னாவது? அது இன்னும் கனமான கேள்வி. அவர்கள் பெயர் வரும் பக்கங்களைப் பல ஆண்டுகள் மூடி வைப்பது ஆவணக் காப்பகங்களின் வழக்கம். எரிப்பதைவிட அது மேல்.

இது ஐரோப்பாவின் கதை மட்டுமல்ல. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், 1983-க்குப் பின் தோணி ஏறி வந்தவர்கள் என்று தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட காகிதம் வைத்திருந்தவர்கள் ஏராளம். மம்சாபுரத்திலோ ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு டிரங்குப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி, செல்போனிலாவது ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வையுங்கள்.