பேனாக்கத்தியும் குருந்தக்கல்லும்

"தாத்தா, கத்திக்கு மூர்ச்ச போயி!" என்றாள் பேத்தி. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் அக்காளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூர்ச்சை போட்டு விழுகது மனுஷன்லா மக்களே, கத்தி எப்படி விழும்?" என்றாள். மலையாளத்தில் மூர்ச்ச என்றால் கூர்மை. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்தான் முதலில் நாக்கில் வருகிறது. தமிழில் கத்தி 'மழுங்கிப் போச்சு' என்போம், 'சாணை பிடிக்கணும்' என்போம். அந்தச் சாணைக்குப் பின்னால் ஒரு பெரிய தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

பேத்தி கையில் இருந்தது என் தகப்பனாரின் பேனாக்கத்தி. சாலைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர் அவர். சாக்குக் கட்டை அறுக்க, பென்சில் சீவ, மாம்பழம் நறுக்க எல்லாவற்றுக்கும் இந்த ஒரு மடக்குக் கத்திதான். விலை அன்றைக்குச் சில ரூபாய்கள் இருந்திருக்கும். போன வருஷம் தெருவில் சைக்கிளில் வந்த ஒரு சாணைக்காரரிடம் இதைக் கொடுத்தேன். சக்கரம் சுழன்றது, பொறி பறந்தது, இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது. திரும்பி வந்த கத்தியில் நுனியை ஒட்டி மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலக்கோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் கூர் போய்விட்டது.

அந்த நீலம் என்ன என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். கத்தி செய்யும்போது எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகிவிடும், விழுந்தால் உடையும். அதை மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தி, கடினமும் உறுதியும் சேர்ந்து நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். சாதாரணக் கரி எஃகு சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் கொள்ளும், 300ஐ நெருங்கினால் நீலம் பாயும். தண்ணீர் விடாமல் சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகை அழுத்தினால் ஓரம் நொடியில் அந்தச் சூட்டுக்குப் போய்விடும். அந்த இடம் மிருதுவாகிவிட்டது என்பதற்கு நீலமே சாட்சி. எத்தனை தடவை தீட்டினாலும் அங்கே கூர் நிலைக்காது. ஆகவே சின்னக் கத்தியைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், வீட்டிலேயே கல்லில் தீட்டுங்கள்.

சரி, என்ன கல்? பழைய நாளில் நம் நாட்டுச் சாணையைக் குருந்தக்கல் பொடியை அரக்கோடு சேர்த்து உருட்டிச் செய்தார்கள். குருந்தம் வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் கொண்டது. மோஸ் அளவையில் 9. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. சேலம் வட்டாரம் உட்படத் தென்னாட்டில் பல இடங்களில் கிடைத்த இந்தக் கல், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய அறிஞர்கள் கைக்குப் போனபோது பெயரும் கூடவே போயிற்று. ஆங்கிலத்தில் அவர்கள் 'கொரண்டம்' என்பது நம்முடைய குருந்தம்தான். கதை அங்கே முடியவில்லை. 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்செசன் மின் உலையில் ஒரு புதுப் பொருளை உண்டாக்கினார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணிக் 'கார்போரண்டம்' என்று பேர் வைத்துவிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, குருந்தத்தைவிடவும் சற்றுக் கடினமானது. பேர் மட்டும் நிலைத்தது. சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் பெயரிலும் அது இருக்கிறது. ஆகச் சாலையில் இரும்புக்கடைக்குப் போய் "கார்பரண்டம் கல்லு உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்கிற நம் ஆள், தெரியாமலே ஒரு தமிழ்ச்சொல்லை உச்சரிக்கிறார்!

மடக்குக் கத்தியும் நமக்குப் புதிதன்று. 'பேனாக்கத்தி' என்ற பெயர் இறகுப் பேனா சீவிய வெள்ளைக்காரன் வழக்கிலிருந்து வந்தது. ஆனால் ஓலை வாருவதற்குக் கத்தி சேர்ந்த வாரெழுத்தாணியும், பிடிக்குள் மடக்கி வைக்கும் மடக்கெழுத்தாணியும் நம்மிடம் முன்பே இருந்தன. நம்மூர்க் கோட்டைப் பகுதியில் 2022 டிசம்பரில் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஓலையைப் பார்க்கும்போது அதை ஒழுங்காக நறுக்கிய கத்தியையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனித் தீட்டும் முறை. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக உள்ள இரட்டைக் கல் போதும். வழுக்காமல் இருக்க ஈரத்துணி மேல் வையுங்கள். தண்ணீர் விட்டால் எப்போதும் தண்ணீர், எண்ணெய் என்றால் எப்போதும் எண்ணெய், மாற்றக்கூடாது. கோணம்தான் முக்கியம். 2 செ.மீ. அகல அலகானால் அதன் முதுகு கல்லிலிருந்து 6 மி.மீ. போல உயர்ந்திருக்கட்டும். கை பழகாதவர்கள் மார்க்கர் பேனாவால் வாய் ஓரத்தில் மை தடவி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம். மை முழுவதும் போனால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் போனால் முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஒரு பக்கமே தீட்டிக்கொண்டு வந்தால் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டுப்படும். விரலைக் கூருக்குக் குறுக்கே வெளிப்புறமாக மட்டும் நகர்த்துங்கள், நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம். பிசிறு தெரியும் வரை பொறுமை இல்லாததால்தான் பலருக்குத் தீட்டியும் கூர் வருவதில்லை. பிறகு மறுபக்கம், பிறகு நைஸ் பக்கம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்புறத்தில் பின்னோக்கிப் பத்து இழுப்பு. பத்திரிகைத் தாளை ஓசையில்லாமல் அறுத்தால் போதும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. மலிவுக் கத்தியின் எஃகு சற்று மிருது. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். திறந்து ஆட்டிப் பாருங்கள், மூட்டு ஆடக்கூடாது. பூட்டு இல்லாத கத்தியால் எதையும் குத்தாதீர்கள், மடங்கி விரலில் விழும். பட்டனை அமுக்கினால் பாய்ந்து வரும் ரகம் வீட்டுக்கு வேண்டாம். போலீஸ் கண்ணில் அதன் பேரே வேறு. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். இடவப்பாதி மழையில் துருப்பிடிக்காமல் இருக்கத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

அப்பாவின் கத்தியை ஒரு வாரம், தினமும் கால் மணி நேரம், தண்ணீர் விட்டுத் தேய்த்து அந்த நீலத்தைக் கடந்து வந்தேன். ஒரு மி.மீட்டருக்கு மேல் அலகு போயிருக்கும். உள்ளே நல்ல எஃகு இருந்தது, கூர் நின்றது. ஆனால் மடக்கினால் நுனி பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்துச் சட்டைப்பையைக் குத்தியது. அலகின் அடியில், மடக்கும்போது வில்லில் முட்டும் சின்ன மேடு ஒன்று உண்டு. அதை அரத்தால் மூன்று நான்கு இழுப்பு ராவினேன். அலகு கீழே இறங்கி நுனி உள்ளே அடங்கிற்று. பேத்தி இப்போது அதில்தான் பென்சில் சீவுகிறாள்.