குழந்தையின் மேல் உதட்டில் சவ்வு... வெட்டித்தான் ஆக வேண்டுமா?

குழந்தை பிறந்து இரண்டு வாரம். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலி. அரை மணி நேரம் சப்பியும் குழந்தை அழுகையை நிறுத்துவதில்லை. 'பால் பத்தலை போல, பவுடர் பால் கொடுத்துப் பாரும்மா' என்கிறார் பாட்டி. நள்ளிரவில் மொபைலில் தேடினால், 'லிப் டை' என்று வருகிறது. குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால், படத்தில் இருப்பது போலவே ஒரு சவ்வு! வெட்டுவதா, விடுவதா? பல வீடுகளில் இன்று எழும் கேள்வி இது.

எல்லோருக்கும் இருப்பதுதான்

மேல் உதட்டின் உள்பக்கத்தை ஈறோடு இணைக்கும் இந்தச் சவ்வு பெரியவர்களுக்கும் உண்டு. பச்சிளம் குழந்தைகளுக்கு அது தடிமனாக, ஈறின் விளிம்பு வரைகூட இறங்கியிருக்கலாம். தாடை வளர்ந்து பற்கள் முளைக்கும்போது பெரும்பாலும் மேலே ஏறிவிடும். சவ்வு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து, குழந்தை எப்படிப் பால் குடிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பால் குடிக்கும்போது கீழ் உதடுதான் வெளிப்பக்கம் நன்றாக மடங்க வேண்டும். மேல் உதடு மார்பின் மீது இயல்பாகப் படிந்திருந்தாலே போதும். பாலை இழுக்கும் வேலையில் பெரும்பங்கு நாக்குக்கும் தாடைக்கும்தான். அதனால் நாக்கின் அடியில் 'டங் டை' இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்குக்கூட, பால் குடிப்பதில் உள்ள மற்ற காரணங்களை ஆராய்ந்த பிறகே அறுவை சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024-ல் வெளியிட்ட அறிக்கை.

முதலில் இதைச் சரிசெய்யுங்கள்

குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, பிறகு மார்போடு அணையுங்கள். காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும். சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். வலித்தால் சுத்தமான சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து விடுவித்து, மீண்டும் முயலுங்கள். செவிலியரோ, தாய்ப்பால் ஆலோசகரோ பக்கத்தில் இருந்து ஒரு முறை முழுமையாகப் பார்ப்பது நல்லது.

எடை சொல்லும் உண்மை

பிறந்த சில நாள்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்கள், தினமும் சராசரியாக 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். இவை சரியாக இருந்து, வலியும் இல்லையென்றால் சவ்வைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எடை கூடவில்லை, சிறுநீர் குறைவு, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றால், உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். குழந்தையால் மார்பைச் சரியாகப் பற்ற முடியவில்லை என்றால், பிரச்னை தீரும் வரை பாலைப் பீய்ச்சி பாலாடையில் புகட்டலாம்.

வெட்டச் சொன்னால்...

பால் குடிக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான் சொல்கிறார்களா? நாக்கைப் பரிசோதித்தார்களா? வெட்டினால் எது, எத்தனை நாளில் சரியாகும்? குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா? இந்த நான்கையும் கேளுங்கள். சின்ன சிகிச்சை என்றாலும் ரத்தக்கசிவு, வலி, தொற்று வரலாம். சில குழந்தைகள் சில நாள்கள் பால் குடிக்கவே மறுக்கலாம்.

'முன்பல்லில் இடைவெளி விழும்' என்ற பயத்துக்காகவும் இப்போதே வெட்ட வேண்டாம். பால் பற்களுக்கிடையே இடைவெளி இயல்பானது. 11, 12 வயதில் நிரந்தரக் கோரைப் பற்கள் முளைக்கும்போது பலருக்கு அது தானாகவே மூடிவிடும்.

அதற்காக, 'தாய் என்றால் வலியைப் பொறுத்துக்கத்தான் வேணும்' என்று சொல்லிவிடவும் கூடாது. வலி தொடர்ந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வெட்டுவதா, விடுவதா என்பதை உதட்டைப் பார்த்து அல்ல, குழந்தை பால் குடிப்பதைப் பார்த்து முடிவெடுங்கள்!