நேயரின் மனக்குறைகள்

வானொலியைக் கேட்போரை ‘நேயர்’ என்று அழைப்பது தமிழ் வானொலியின் நெடுநாள் வழக்கம். நேயம் என்பது அன்பு. நேயர் என்பவர் அன்புடையவர். ஆதலின் அறிவிப்பாளரைப் பற்றி நேயர் கூறும் குறைகளைப் பகைவரின் பழிச்சொல்லாகக் கொள்ளலாகாது. அக்குறைகளுள் எவை பொருளுடையவை, எவை வெறும் விருப்பு வெறுப்பின்பாற் பட்டவை என்று பகுத்துணர்வதே இவ்வுரையின் நோக்கம். கேட்கும் செவியும் பேசும் நாவும் பெற்ற மாணவர் அனைவர்க்கும் இது பயன்படும்.

நாளிதழில் ஒரு சொல் விளங்காவிடில் மீண்டும் படிக்கலாம். வகுப்பில் ஆசிரியர் கூறியது விளங்காவிடில் அவர் முகக்குறிப்பும் கரும்பலகையும் துணை செய்யும். எழுந்து வினவவும் செய்யலாம். வானொலிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. குரல் ஒன்றே அங்கு முகம், அதுவே கரும்பலகை. ஒரு முறை ஒலித்து மறையும் சொல்லை நேயர் திரும்ப அழைக்க இயலாது. அறிவிப்பாளரின் சிறு பிழையும் நேயரைப் பெரிதாக உறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நேயர் கூறும் குறைகளுள் முதலாவது உச்சரிப்புப் பற்றியது. வலி, வளி, வழி என்னும் மூன்றும் வெவ்வேறு பொருளுடையன. முறையே நோவும் காற்றும் பாதையும் ஆகும். இவற்றை ஒரே ஒலியாக்கிவிட்டால் கேட்பவர் பொருளைத் தாமே ஊகித்தறிய வேண்டியதாகிறது. “மலைப்பகுதியில் பனி தொடரும்” என்பது வானிலைச் செய்தி. “மலைப்பகுதியில் பணி தொடரும்” என்பது சாலை அமைப்போரைப் பற்றிய செய்தி. இரண்டையும் பிரிப்பது நாநுனியின் சிறு அசைவே. அன்றியும், மத்திய அலை ஒலிபரப்பில் இரவு வேளையில் தொலைதூர நிலையங்களின் அலைகள் வானின் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து கலக்கும். இரைச்சலிடையே பேசுகிறவர் பகலினும் திருத்தமாக ஒலித்தல் வேண்டும்.

இதனை வெறும் இலக்கணப் பிடிவாதம் என்று எண்ணற்க. பேச்சு வழக்கில் ஐம்பதை ‘அம்பது’ என்கிறோம்; எண்பதை ‘எம்பது’ என்கிறோம். முதல் உயிரொலி ஒன்றே இவ்விரண்டையும் பிரிக்கிறது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றும் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றும் படகுக்கு ஒன்றல்ல. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்த வரலாற்றை அறிந்த கடற்கரை மக்களுக்குப் புயல் அறிவிப்பு இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கைப்பேசியின் தொடர்பு எட்டாத கடற்பரப்பிலும் வானொலியின் குரல் சென்று சேர்கிறது. அக்குரல் எண்ணை ஐயமறச் சொல்லி, மறுமுறையும் சொல்லுதல் கடமையாகும்.

இரண்டாவது குறை நிறுத்தம் பற்றியது. “பழைய மாணவர் விடுதி இடிக்கப்பட்டது” என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ‘பழைய’ என்பதன் பின் சற்றே நிறுத்தினால் விடுதி பழையதாகிறது. ‘பழைய மாணவர்’ என்று சேர்த்துச் சொல்லி நிறுத்தினால் மாணவர் பழையவர் ஆகின்றனர். எழுத்தில் மாற்றமில்லை, மூச்சில்தான் மாற்றம். எழுதித் தந்ததை முன்னரே படித்துப் பாராமல் ஒலிவாங்கியின் முன் அமர்பவர், பொருள் முடியும் இடத்தில் நிறுத்தாமல் மூச்சு முடியும் இடத்தில் நிறுத்துவர். விரைவும் இவ்வாறே. கடிகாரத்துக்கு அஞ்சிச் சொற்களை விழுங்குவதைவிட, செய்தியில் ஒரு தொடரைக் குறைத்துக்கொள்வது நன்று.

மூன்றாவது குறை பாடல்களைப் பற்றியது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும். அச்சிறு எல்லைக்குள் தொடக்க இசைக்கென இசையமைப்பாளர் சில நொடிகளையே ஒதுக்கினார். அந்நொடிகளின்மேல் அறிவிப்பாளர் தம் பேச்சைப் பரப்புவதும், இறுதி அடி முடியுமுன் பாட்டைத் துண்டிப்பதும் நேயருக்குப் பொறுக்க ஒண்ணாதவை. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. பாடியவர் யாரென்று குரலே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பாட்டை எழுதிய கவிஞரைக் குரல் காட்டாது. படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர் என நான்கையும் கூறும் நல்வழக்கம் கைவிடப்படும் இடத்தில் முதலில் மறைபவர் கவிஞரே.

நான்காவது, அறிவிப்பாளர் தம்மையே முன்னிறுத்துதல். விருந்தினரிடம் வினா எழுப்பி, அவர் வாய் திறக்குமுன் விடையையும் தாமே கூறுதல். நகைக்க ஒன்றுமில்லாத இடத்தில் நகைத்தல். ‘ஸோ’, ‘பட்’, ‘ஆக்சுவலி’ என்று இரண்டு தொடர்க்கு ஒரு முறை அயற்சொல் பெய்தல் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. பஸ், ரயில் போல மக்கள் நாவில் நிலைபெற்ற சொற்களை யாரும் குறை கூறார். பொருளுக்குத் தேவையின்றி, பேசுபவர்தம் பெருமைக்கு மட்டும் வரும் சொல்லே செவியை உறுத்துகிறது.

இனி நேயரிடத்தும் குறை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. “இவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை” என்பது குறையாகாது. அது அவரவர் சுவை. திருநெல்வேலித் தமிழோ கோவைத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ கேட்டவுடன் “பிழை” என்று முடிவு கட்டுதல் அறியாமை. வட்டார இசை வேறு, உச்சரிப்புப் பிழை வேறு. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியையும், இலங்கை வானொலியின் பி. எச். அப்துல் ஹமீதையும் தமிழ்நாட்டு நேயர்கள் தம்மவராகவே கொண்டனர். ஒருவர் இருந்தது வடக்கே. மற்றவர் இருந்தது கடலுக்கு அப்பால். தூரம் தடையாகவில்லை, தெளிவு அவர்களை அருகில் கொணர்ந்தது.

இத்தகைய மனக்குறைகள் தமிழ் நேயருக்கு மட்டும் உரியன அல்ல. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1926ஆம் ஆண்டிலேயே பேச்சு ஆங்கிலத்துக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அதன் முதல் தலைவர் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ். அவர் 1930இல் மறைந்தபின் அப்பொறுப்பை ஏற்றவர் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா. அறிவிப்பாளர் ஐயுறும் சொற்களை எவ்வாறு ஒலிப்பது என்று பெரும்புலவர்கள் கூடி ஆராய்ந்தனர். ஒலிபரப்பாகும் ஒரு சொல்லுக்கு அத்துணைப் பொறுப்பு உண்டென்று அவர்கள் கருதினர். நம் நாட்டில் 1938 ஜூன் 16இல் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் தொடங்கிய காலந்தொட்டு, எத்தனையோ சிற்றூர்களில் வானொலிக் குரலே திருந்திய தமிழைச் செவிவழி கற்பித்த ஆசிரியராக விளங்கியது. ஆசிரியரிடம் மாணவர் எதிர்பார்ப்பதையே நேயரும் அறிவிப்பாளரிடம் எதிர்பார்க்கின்றனர்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு சொல்லி முடிப்பேன். வானொலியில் பிழை கேட்டால் முணுமுணுத்து நின்றுவிடாதீர்கள், நிலையத்துக்கு எழுதுங்கள். நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர், பிழைபட்ட சொல், அதன் திருத்தம் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். “எல்லாம் கெட்டுவிட்டது” என்று எழுதும் கடிதத்தால் திருந்துவது ஒன்றுமில்லை. ஒரு சொல்லைச் சுட்டி எழுதும் கடிதம் அச்சொல்லையேனும் திருத்தும். நல்ல நிகழ்ச்சியைக் கேட்ட நாளிலும் இரண்டு வரி எழுதுங்கள்.

மற்றொன்று, நாள்தோறும் நாளிதழின் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். தோழர் ஒருவரை அடுத்த அறையில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். உங்கள் முகம் காணாத அவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஐயமின்றி எட்டுகிறதா என்று வினவுங்கள். எட்டாத சொற்களைக் குறித்துவைத்து மறுநாள் திருத்திக்கொள்ளுங்கள்.

முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் மாணவர் படிக்கக் கேட்டவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன்: திருத்தமாகப் பேசத் தெரிந்தவரெல்லாம் முதலில் திருத்தமாகக் கேட்கக் கற்றவர்களே.