புதையலும் எல்லைநில நீதியும்: ரஞ்சன்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

மறைத்து வைக்கப்பட்ட பொருள், அதனைத் தேடித் திரியும் பலர், அரசின் கை எட்டாத நிலம், அந்நிலத்தில் ஒருவன் நிலைநாட்டும் நீதி என்னும் நான்கும் ஒருங்கமைந்த கதைவகை ஒன்று அமெரிக்க வானொலியில் நெடுங்காலம் செல்வாக்குற்று விளங்கிற்று. 1933ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கப்பெற்ற 'லோன் ரேஞ்சர்' என்னும் தொடர்நாடகமும், 1952 முதல் 1961 வரை நிகழ்ந்த 'கன்ஸ்மோக்' என்னும் தொடர்நாடகமும் இவ்வகையிற் பெயர்பெற்றவை. முன்னதன் தலைவன் முகமூடி அணிந்தவன். பதவி எதுவும் இல்லாதவன். பின்னதன் தலைவனோ அரசு அமர்த்திய காவலன். இவ்வேறுபாடு சிறிதன்று. நீதி செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவுக்கு இரு நாடகங்களும் இருவேறு விடை தருகின்றன. புதையல் யாருக்கு உரியது என்பது இதனோடு பிறக்கும் மற்றொரு வினா. இவ்விரண்டும் மேற்றிசைக்கே உரியன என்று கருதுவார் உளர். தமிழ் நூல்கள் இவற்றை நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பியுள்ளமையை ஈண்டுக் காண்பாம்.

இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைவது பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டை. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள இக்கோட்டை, கருநாடக நவாபின் ஆட்சிக்குட்பட்ட சாகீர்தார் ஒருவரால் 17ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பெற்றது என்பர். அகழி சூழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிலைகளில் அமைந்த மதில்களை உடையது. 1751ஆம் ஆண்டு இதன் அருகே வாலிகொண்டாப் போர் நிகழ்ந்தது. சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம்; முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம். கோட்டைத் தலைவனோ, இருவருள் எவர் பக்கமும் சேராமல், இருசாராரோடும் பேசிக் காலங் கடத்தினான். வெல்பவன் எவனோ அவனுக்கே கோட்டை என்பது அவன் கருத்துப் போலும். முடிவில் ஆங்கிலப் படை நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கிற்று. ஆர்க்காட்டுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட இந்நிலம் அந்நாளில் மெய்யாகவே எல்லைநிலமாக இருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அத்தகைய நிலத்தில் மக்கள் தம் பொருளை மண்ணுக்குள் மறைத்தல் இயல்பே. படை வரும்போது மறைத்தவன் மீளாதொழியின் அப்பொருள் புதையலாகின்றது. எனவே, பாழ்பட்ட கோட்டை உள்ள இடந்தோறும் புதையற் பேச்சும் எழுதல் வியப்பன்று. அரியலூர், உடையார்பாளையம், துறையூர் ஆகிய பாளையப்பட்டுகள் சூழ்ந்த பகுதி இது. பாளையப்பட்டு ஆட்சியில் காவல் என்பது ஓர் உடன்படிக்கை போன்றது. காவற்கூலி பெற்றவன் களவுபோன பொருளை மீட்டுத் தரல் வேண்டும். இயலாதாயின் அதற்கு ஈடு செய்தல் வேண்டும். நீதிமன்றம் தொலைவில் உள்ள நிலத்தில் காவலன் கடமையே நீதியின் கருவியாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். திருக்குறள் 756ஆம் பாடல் வேந்தனுக்குரிய பொருள்களுள் முதலாவதாக உறுபொருளை வைக்கின்றது. வைத்தவர் இறந்துபோக நெடுங்காலம் நிலத்திற் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்பட்டதும், தாயத்தார் பெறாததும் உறுபொருள் என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. அதன்படி புதையல் அரசனுடையது. கௌடலியரின் பொருள்நூலும் இதனோடு நெருங்கி நிற்பது. புதையலைக் கண்டு அறிவித்தவனுக்கு ஆறில் ஒரு பங்கு அளித்து, நூறாயிரத்திற்கு மேற்பட்டதை அரசனுக்கே உரியதாக்குகின்றது.

சிலப்பதிகாரம் காட்டும் நெறி வேறு. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் வார்த்திகன் வரலாற்றை அறிஞர் அறிவர். சேரனிடம் பெரும்பொருள் பெற்று மீண்ட பராசரன், தங்கால் என்னும் ஊரில் சிறுவர் பலரைக் கண்டு, தன்னோடு மறை ஓதுமாறு அழைத்தான். வார்த்திகன் மகன் தக்கிணன் மழலை மாறாத வாயினும் பிழையின்றி ஓதினான். மகிழ்ந்த பராசரன் முத்துப்பூணூலும் அணிகளும் பண்டப் பொதியும் அவனுக்கு ஈந்து சென்றான். அவற்றைக் கண்ட அரசன் ஏவலர், படுபொருளைக் கவர்ந்தவன் எனக் கூறி வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. உண்மை உணர்ந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்துப் பொறுத்தருள வேண்டி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். அதனோடு அமையாது, இடுபொருளாயினும் படுபொருளாயினும் பெற்றவர்க்கே உரியது என நாடெங்கும் முரசறைவித்தான்.

இவ்வாணையின் நுட்பம் எண்ணுதற்குரியது. வார்த்திகனை விடுவித்தலும் நிலம் அளித்தலும் ஒருவனுக்குச் செய்த ஈடு. முரசறைந்ததோ குற்றச்சாட்டின் வேரையே களைந்தது. புதையல் அரசனுக்கு உரியதாக இருக்குமளவும், எளியோன் ஒருவன் கையில் திடீரெனத் தோன்றும் அணி ஒவ்வொன்றும் களவுக்குச் சான்றாகக் கொள்ளப்படும். கண்டவனுக்கே புதையல் என்று சட்டம் மாறிய அளவில், ஏவலர் ஐயுறுதற்கு இடமே இல்லாதொழிகின்றது. புதையற் சட்டம் பொருளைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அது குற்றமற்றோரின் காப்பைப் பற்றியதே என்பது இதனாற் புலனாம்.

இவ்வரலாறு கண்ணகியை நோக்கிக் கூறப்படுவது மேலும் கருதத்தக்கது. கோவலனும் கையிற் கண்ட அணியொன்றைக் காரணமாகக் கொண்டே, ஆராய்ச்சியின்றிக் கொல்லப்பட்டான். பாண்டியர் முறை தவறாதவர் என்று காட்டுதற்குத் தெய்வம் எடுத்துக்கொண்ட சான்று, அக்குடியின் ஏவலர் முன்னரும் இவ்வாறே பிழைத்தனர் என்பதையும் உடன் உணர்த்திவிடுகின்றது. வார்த்திகன் சிறைப்பட்டமையால் மீட்சி பெற்றான். கோவலன் வெட்டுண்டமையால் மீட்சி பெற்றிலன். காலந் தாழ்த்தாத தண்டனை, திருத்த இயலாத தண்டனையும் ஆகும் என்பது இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடுவார்க்கு விளங்கும். அமெரிக்க நாடகங்களிற் பலகாலும் தோன்றும் தூக்குக்கயிற்றுக் கூட்டத்தின் கொடுமையும் இதுவே.

பிற்காலச் சட்டம் இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்டது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். புதைத்தவர் வழியில் உரிமையுடையார் எவரும் இலர் எனத் தெளிந்தபின், கண்டவர்க்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவர்க்கு ஒரு பங்கும் சேரும் என்பது பொதுவிதி. அரசு அதனை ஏற்க விரும்பின், மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து ஏற்கலாம். மறைத்தவர்க்கு ஓராண்டு வரை சிறை உண்டு. கண்டவனுக்குப் பெரும்பங்கு என்பதிற் பாண்டியன் ஆணையும், அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதிற் குறளுரை நெறியும் ஒருங்கு நிற்றல் காணலாம்.

ரஞ்சன்குடிக் கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் பாதுகாக்கப்பட்ட இடங்களில் இசைவின்றி அகழ்வதைத் தடுக்கின்றது. புதையல் நாடி ஒருவன் தோண்டும் குழி, மண்ணடுக்குகள் தாங்கி நிற்கும் வரலாற்றுச் சான்றை அழித்துவிடும். அவ்வழிவுக்கு ஈடு செய்தல் எவர்க்கும் இயலாது. கண்டவனுக்கே உரியது என்ற பாண்டியன் ஆணை, குற்றமற்றோனைக் காத்தற்கு எழுந்ததேயன்றிக் கோட்டையை அகழ்வார்க்கு உரிமை வழங்க எழுந்ததன்று. அதன் உட்கருத்தைக் கொண்டு நோக்கின், பொதுச்சொத்தைக் காக்கும் இன்றைய சட்டம் அதனோடு முரண்படவில்லை. வார்த்திகன் வரலாற்றைச் சட்ட வரலாற்றின் பகுதியாகவும் கொண்டு பயிலுதல், முதுகலை மாணவர்க்கு நற்பயன் அளிக்கும்.