மாட வீதியில் வண்டிக்கு வழியில்லா நாள்கள்

மயிலையில் பங்குனிப் பெருவிழா தொடங்கிவிட்டால், இருசக்கர வண்டியில் தரிசனத்துக்குப் புறப்படும் அன்பர்கள் லஸ் முனையிலும் மந்தைவெளியிலும் சாலைத் தடுப்பைக் கண்டு திகைத்து நிற்பதுண்டு. மகன் வண்டியை ஓட்ட, அர்ச்சனைக் கூடையுடன் பின்னே அமர்ந்துவரும் முதிய அன்னையர்க்கு, 'இன்று தரிசனம் கிட்டாதோ' என்ற ஏக்கமே மேலிடும்.

ஏங்க வேண்டியதில்லை. கபாலீசுவரர் திருக்கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகள், இறைவன் உலா வருவதற்கென்றே அமைந்தவை. ஆண்டு முழுதும் நமக்கு இடந்தரும் அவ்வீதிகள், விழா நாள்களில் உரியவரிடம் திரும்புகின்றன.

வீதி அடைபடும் நேரத்தை விழா வரிசையே முன்கூட்டி உணர்த்திவிடும். 3-ஆம் நாள் அதிகாலையில் அதிகார நந்தி. 5-ஆம் நாள் இரவில் ரிஷப வாகனம். 7-ஆம் நாள் காலையில் திருத்தேர். 8-ஆம் நாள் பிற்பகலில் அறுபத்துமூவர் உலா. இந்நாள்களில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்கினால், கோயிலுக்கு நடந்தே செல்லலாம்.

பஞ்சாங்கத்தில் காணாத தடையும் ஒன்றுண்டு. மெட்ரோ ரயிலின் 2-ஆம் கட்டத்தில் இரு தடங்கள் திருமயிலையில் நிலத்தடியில் சந்திக்கின்றன. அப்பணிக்காக லஸ் பகுதியில் போக்குவரத்து மாற்றிவிடப்படுகிறது. அங்கே எதிர்த்திசையில் புகாமல், காவலர் காட்டும் வழியே சுற்றிச் செல்வதே நலம்.

விழாக் கூட்டத்தில் சந்துகளுக்குள் வண்டியை நுழைத்தால், மயங்கி விழுந்தவரை நாடிவரும் ஆம்புலன்ஸுக்கும் வழி அடைபட்டுவிடும். தேருக்கு ஒதுங்கி நிற்பதுபோல் அதற்கும் ஒதுங்கி நிற்போம். அதுவும் அடியார்க்குச் செய்யும் தொண்டே.