மெக்லாரன் எஃப்1, புகாட்டி வேரான்: நேர்கோட்டு முடுக்க ஒப்பீடு

ஒரு வாகனம் நேரான பாதையில் எவ்வளவு விரைவாகத் தன் வேகத்தைக் கூட்டுகிறது என்பதே நேர்கோட்டு முடுக்கம் எனப்படுகிறது. விளையாட்டுக் கார்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் முதலில் கூறப்படும் எண், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட ஆகும் நேரம். எந்திரத்தின் திறனைக் காரின் எடையால் வகுத்தால் கிடைக்கும் திறன்-எடை விகிதமே இந்த நேரத்தை முடிவு செய்கிறது என்று பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. மெக்லாரன் எஃப்1, புகாட்டி வேரான் ஆகிய இரு கார்களின் ஒப்பீடு மீதிப் பாதியை விளக்குகிறது.

இரு கார்கள்

மெக்லாரன் எஃப்1 இங்கிலாந்தில் கார்டன் மர்ரி என்பவரால் வடிவமைக்கப்பட்டு 1992ஆம் ஆண்டு அறிமுகமானது. இதன் உடற்கூடு கார்பன் இழையால் ஆனது. ஓட்டுநர் இருக்கை நடுவிலும், அதன் இருபுறமும் சற்றுப் பின்னால் பயணிகள் இருக்கைகளும் உள்ளன. பி.எம்.டபிள்யூ. தயாரித்த 6.1 லிட்டர், 12 உருளை எந்திரம் டர்போ இல்லாமலேயே 627 குதிரைத்திறன் தருகிறது. காரின் எடை 1138 கிலோ. பின்சக்கரங்கள் மட்டுமே இயக்கப்படுகின்றன. 6 கியர்களையும் ஓட்டுநரே கிளட்சை மிதித்து மாற்ற வேண்டும். மொத்தம் 106 கார்களே செய்யப்பட்டன.

புகாட்டி வேரான் பிரான்சின் மோல்சைம் நகரில் 2005 முதல் தயாரிக்கப்பட்டது. இதன் 8 லிட்டர் எந்திரத்தில் 16 உருளைகளும் 4 டர்போக்களும் உள்ளன. திறன் 1001 குதிரைத்திறன், எடை 1888 கிலோ. நான்கு சக்கரங்களும் இயக்கப்படுகின்றன. 7 கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி கியரைத் தானே மாற்றிக்கொள்கிறது.

சமமான விகிதம், சமமற்ற நேரம்

ஒரு டன் எடைக்கு எஃப்1 காரில் சுமார் 551 குதிரைத்திறனும், வேரானில் சுமார் 530 குதிரைத்திறனும் உள்ளன. 80 கிலோ எடையுள்ள ஓட்டுநரைச் சேர்த்தால் இவை முறையே 515, 509 என மாறி ஏறக்குறைய சமமாகின்றன. ஒரே சுமை ஏறினாலும் எடை குறைந்த காரே அதிகம் பாதிக்கப்படுகிறது என்பதையும் இதில் காணலாம்.

விகிதம் சமமாக இருந்தும் நேரங்கள் சமமாக இல்லை. 1994இல் பிரித்தானியாவின் ஆட்டோகார் இதழ் அளந்தபோது எஃப்1, மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கி.மீ. வேகத்தை 3.2 வினாடியில் எட்டியது. வேரான் 100 கி.மீ. வேகத்தை 2.5 வினாடியிலும், 200 கி.மீ. வேகத்தை 7.3 வினாடியிலும் எட்டும் என்பது அதன் தயாரிப்பாளர் அறிவித்த அளவு.

தொடக்கத்தில் முடிவு செய்வது பிடிமானம்

மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். இதை 2.5 வினாடியில் எட்டினால் சராசரி முடுக்கம் 11.1 மீ/வி² ஆகிறது. இது புவியீர்ப்பு முடுக்கமான 9.8 மீ/வி² அளவைவிட அதிகம். எஃப்1 காரின் சராசரி சுமார் 8.4 மீ/வி².

காரை முன்னே தள்ளும் விசை முழுவதும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு வழியாகவே வர வேண்டும். அந்த உராய்வோ, இயக்கப்படும் சக்கரங்களின் மீது அழுத்தும் எடையைப் பொறுத்தது. எஃப்1 காரில் பின்சக்கரங்களின் மீதுள்ள எடை மட்டுமே இதற்குப் பயன்படுகிறது. முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிச் சாய்வது ஓரளவு உதவினாலும், எந்திரத்தின் முழுத் திறனையும் கொடுத்தால் டயர்கள் வழுக்கிச் சுழலும். வேரானில் காரின் முழு எடையும் பயன்படுகிறது. அதற்கெனவே தயாரிக்கப்பட்ட டயர்களும், புறப்படும்போது திறனை அளந்து கொடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் துணை செய்கின்றன. அதாவது, குறைந்த வேகத்தில் எந்திரத்தில் எவ்வளவு திறன் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு சாலையைச் சென்றடைகிறது என்பதே முக்கியம்.

கியர் மாற்றத்திலும் வேறுபாடு உண்டு. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எஃப்1 சிறிது நேரம் உந்துவிசையின்றி ஓடுகிறது. வேரானில் அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை.

அதிவேகத்தில் முடிவு செய்வது காற்றுத்தடை

வேகம் இரு மடங்கானால் காற்றுத்தடை விசை நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. 1998இல் எஃப்1 மணிக்கு 386 கி.மீ. வேகத்தை எட்டியது. வேரானின் உச்ச வேகம் 407 கி.மீ. உச்ச வேகத்தில் எந்திரத்தின் திறன் முழுவதும் காற்றை வெல்லவே செலவாகிறது என்று கொண்டு தோராயமாகக் கணக்கிடலாம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் எஃப்1 சுமார் 295 குதிரைத்திறனையும், வேரான் சுமார் 400 குதிரைத்திறனையும் காற்றுக்குக் கொடுக்கின்றன. முடுக்கத்துக்கு மீதமிருப்பது முறையே 330, 600 குதிரைத்திறன். ஓட்டுநர் உட்பட ஒரு டன் எடைக்குப் பார்த்தால் இது சுமார் 270, 305 ஆகும். குறைந்த வேகத்தில் சமமாக இருந்த விகிதம் இங்கே வேரான் பக்கம் சாய்கிறது. எடை குறைவாக இருப்பது காற்றுத்தடையைக் குறைப்பதில்லை என்பதே காரணம்.

ஒரு நேரடிப் போட்டி

பிபிசியின் டாப் கியர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அபுதாபியில் இவ்விரு கார்களும் ஒரு மைல் தொலைவுக்கு ஓட்டப்பட்டன. வேரானை ஓட்டிய ரிச்சர்ட் ஹேமண்ட், புறப்பாட்டுக் கட்டுப்பாட்டு வசதியைப் பயன்படுத்தவில்லை என்று பின்னர் தெரிவித்தார். தொடக்கத்தில் எஃப்1 முந்தியது. மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகம் வரை அதுவே முன்னால் ஓடியது. அதன் பிறகு வேரான் அதைக் கடந்து வென்றது. தொடக்கச் சாதகத்தை விட்டுக்கொடுத்த கனமான கார், காற்றுத்தடை மேலோங்கும் கட்டத்தில் தன் மிகுதித் திறனால் அதை மீட்டது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

• 60 மைல் என்பதும் 100 கி.மீ. என்பதும் ஒரே வேகம் அல்ல. வேறுபாடு மணிக்கு சுமார் 3.4 கி.மீ.
• அமெரிக்க இதழ்கள் பலவற்றில் கார் ஏறத்தாழ ஓர் அடி நகர்ந்த பின்னரே கடிகாரம் தொடங்குகிறது. இதனால் நேரம் ஒரு வினாடியின் கால் பங்கு அளவுக்குக் குறைந்து தெரியலாம்.
• தயாரிப்பாளர் அறிவித்த அளவையும், பிறர் சோதித்து அளந்த அளவையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.
• டயர், சாலைப் பரப்பு, வெப்பநிலை ஆகியவை மாறினால் ஒரே காரின் நேரமும் மாறும். மூடிய ஓடுதளங்களில் பெறப்பட்ட இந்த நேரங்களைப் பொதுச் சாலையில் எதிர்பார்ப்பதும், முயன்று பார்ப்பதும் ஆபத்தானவை.

ஆகவே 100 கி.மீ. வரையிலான நேரம் முதன்மையாக ஒரு காரின் பிடிமானத்தையே காட்டுகிறது. எந்திரத்தின் ஆற்றலை அறிய 100 முதல் 200 கி.மீ. வரையும், அதற்கு மேலும் ஆகும் நேரங்களைச் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தமானது.