ஊற்று மாறினால் எழுதி வாங்குங்கள்

நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் பல லயங்களுக்குத் தண்ணீர் மேல்மலை ஊற்றிலிருந்துதான் வருகிறது. ஊற்றுவாயில் ஒரு சீமெந்துத் தொட்டி, தேயிலைக்கு நடுவே இறங்கும் கறுப்புக் குழாய், பீலி முனையில் குப்பை வடியக் கட்டிய துணி. மாசி பங்குனியில் ஊற்று வற்றினாலும், மண் சரிந்து தொட்டி புதைந்தாலும் குழாயை வேறு ஊற்றுக்கு மாற்றுவார்கள். "இனிமே அந்த ஊத்துத் தண்ணிதான்" என்ற வாய்ச்சொல்லோடு காரியம் முடிந்துவிடும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இப்படி வாய்ச்சொல் போதாது; பழைய கிணற்றின் நீருரிமையை வேறிடத்துப் புதுக்கிணற்றுக்கு மாற்ற அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் மற்றவர் உரிமை கெடக்கூடாது. இலங்கையில் அப்படி இடம்மாற்றும் உரிமைப் பத்திரம் கிடையாது. 2000 இல் வந்த தேசிய நீர்வளக் கொள்கையில் அந்த யோசனை இருந்தது. தண்ணீரை விற்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பி, கிடப்பில் போனது. போனது நல்லதுதான். ஆனால் லயத்து மக்கள் கையில் இன்று ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

தண்ணீர் தொரை கொடுக்கும் சலுகை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் கம்பனிகள் நடத்துகின்றன, அவ்வளவுதான். பொது ஆறு ஓடைகளின் நீரும் 1947 ஆம் ஆண்டின் அரச காணிச் சட்டப்படி அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நிலத்தடி நீரைக் கவனிப்பது நீர்வளச் சபை.

புது ஊற்றுக்கு மேலே மருந்தடிக்கும் மலையோ மலசலகூடக் குழியோ இருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், களைக்கொல்லி போகாது. குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 தரப்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கலாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஊற்றுக்குப் பதிலாகக் குழாய்க்கிணறு என்றால் மோட்டாரின் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் சண்டைதான்.

குழாயைக் கழற்றும் முன், எந்த ஊற்று, எந்தெந்த லயத்துக்கு, வற்றினால் மாற்று என்ன என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். நகல் நோர்வூட் பிரதேச சபைக்குப் போகட்டும். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் சபைகளின் கையைத் தோட்ட எல்லையிலேயே கட்டிப்போட்டிருந்தது. 2018 திருத்தம் அந்தக் கட்டை அவிழ்த்தது. "அது தோட்டத்து விசயம்" என்ற பதில் இனிச் செல்லாது. சபை வாய் திறக்காவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

நீரை யாராவது கெடுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லை என்று நீதவானிடம் போகலாம். அரச நிறுவனம் கடமை தவறினால் அடிப்படை உரிமை வழக்கு. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் மக்களின் கிணற்று நீரில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. ஆனால் அடிப்படை உரிமை வழக்குக்குக் கெடு ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதனால் எந்தக் கடிதம் கொடுத்தாலும் நகலில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.